பாதிக் குழாய்

அந்தச் சோதனைக் குழாய் பாதிதான் நிறைந்திருந்தது. தாங்கியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோதே அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்திருக்கக் கூடாது. குழாயின் மேல் ஓர் எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்காது. எந்த எண் எந்த மனிதர் என்பதை ஆய்வை நடத்தும் டாக்டரம்மா ஒருவர்தான் அறிவார். சோதிக்கிறவர்களின் ஆசையும் பயமும் முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆய்வகத்தில் அதைக் கண்கட்டு என்பார்கள். கட்டிய துணியின் ஓரத்தில் கசிகிற வெளிச்சம் மாதிரி அந்தப் பாதிக் குழாய் அவள் விரல்களுக்கு நடுவில் நின்றது.

மூளையைக் குளிப்பாட்டிவிட்டு முதுகுத்தண்டு வழியாக இறங்கும் நீரைச் சோதிப்பது அவள் வேலை. மூளை பயன்படுத்திக் கழித்த ரசாயனங்களின் மிச்சம் அதில் கரைந்திருக்கும். யாராவது கேட்டால், "சமையலறைக்குள்ள விடமாட்டாங்க, பாத்திரம் கழுவின தண்ணிய வச்சு என்ன சமைச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும்" என்று சொல்லுவாள். இயந்திரத்தில் ஒரு சொட்டு விட்டால் திரையில் கோடு ஓடும். ஒவ்வொரு ரசாயனத்தின் மிச்சமும் ஒரு மேடாக எழும்பும். டோபமினின் மிச்சத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'கால்'. அது குறைந்தவர்களுக்கு நடை தடுமாறும், கை நடுங்கும். செரடோனினின் மிச்சத்துக்குப் பெயர் 'மனசு'. இந்தப் பெயர்களைக் கேட்டால் டாக்டரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மனச மேடா அளக்க முடிஞ்சா நாம எல்லாரும் எப்பவோ வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்பார். கோபத்தில் அவரே ஒருநாள் "அந்த மனச மறுபடி ஓட்டு" என்று சொல்லிவிட்டார். அதற்குப்பிறகு யாரும் மறைக்கவில்லை.

ஆய்வுக்கு மூன்று வகை ஆட்கள் வேண்டும். நீண்டநாள் மனச்சோர்வில் இருப்பவர்கள், பார்க்கின்சன் என்கிற நடுக்கநோய் வந்தவர்கள், இரண்டுமே இல்லாதவர்கள். இந்த மூன்றாவது வகைக்கு ஆய்வகத்தில் 'நல்லவங்க' என்று பெயர். நல்லவங்க கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒன்றுமே இல்லாதவன் எதற்கு முதுகில் ஊசி குத்திக்கொள்ள வருவான்? அதனால் ஆளாளுக்குத் தங்கள் சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் தன் தம்பியைக் கூட்டிவந்தாள்.

அன்றைக்கு அவன் அடித்த கூத்து இன்னும் பேச்சில் இருந்தது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுத்திருந்தவன், டாக்டரம்மா ஊசியோடு நெருங்கியதும், "பின்னாடியிருந்து இடிக்கிறவங்க எனக்குப் புதுசில்ல டாக்டர், நான் டிரைவிங் சொல்லிக் குடுக்கிறவன்" என்றிருக்கிறான். முதலில் நர்ஸ் சிரித்தாள். பிறகு தன் ஜோக்குக்குத் தானே சிரித்து அவன் குலுங்க, ஊசி நகர்ந்துவிட்டது. "ஆடாதீங்க! சரி, போதும், வந்தவரைக்கும் போதும்" என்று டாக்டரம்மா சொன்னது கதவுக்கு வெளியே நின்ற அவளுக்குக் கேட்டது.

வந்தவரைக்கும்தான் இப்போது அவள் கையில் இருந்தது.

இந்தக் குழாயை வேறு யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். அதுதான் முறை. அவள் ஒரு சொட்டை எடுத்து இயந்திரத்தில் விட்டாள்.

கோடு நேராக ஓடிக்கொண்டே இருந்தது. 'கால்' வரவேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்து, எழுந்ததற்கு வெட்கப்பட்டதுபோல் அடங்கிற்று. 'மனசு' அதைவிட மோசம். இருக்கிறதா இல்லையா என்று திரையில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே கதை.

அவளுக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெறுவதற்கு வெகு முன்பே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அணைத்துவைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் "ம்". வீட்டில் அதைத் திமிர் என்றார்கள், வயசு என்றார்கள், அம்மாவோடு ஏதோ மனத்தாங்கல் என்றார்கள். ஒருநாள் தம்ளரைப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. அதன் பிறகுதான் டாக்டர் வந்தார், பெயர் வந்தது, மருந்து வந்தது. பேச்சு போன நாளுக்கும் கை நடுங்கிய நாளுக்கும் நடுவில் கிடந்த அத்தனை வருடங்களையும் அவள் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டாள். சிலருக்கு நோய் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, முதலில் மனசுக்கு, பிறகு காலுக்கு. இந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அப்பாவின் கோடு தம்பியின் குழாயிலிருந்து வருகிறது.

ஒரு கையுறையைக் கழற்ற மறந்தபடியே தெருவுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றாள். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தாள். வழியில் ஒரு கடையில் சோப்பு வாங்கினாள். எதற்கென்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். இந்த நோயில் பலருக்கு நடுக்கத்துக்கு முன்பே மூக்கு வாசனையை இழந்துவிடும்.

தம்பியின் டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசலில் ஒரு வெள்ளைக் கார். கற்றுக்கொடுப்பவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்த கார் அது. பக்கத்தில் இருக்கும் காலி மைதானத்தில்தான் பாடம். அவன் அப்போதுதான் யாரையோ இறக்கிவிட்டு, கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தான்.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டியா? ஒரு கையில மட்டும் கிளவுஸ் போட்டிருக்க. ஆபரேஷன் பாதியில ஓடி வந்தியா?"

அவள் கையுறையை உருவிப் பைக்குள் திணித்தாள். "சும்மாதான். இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு."

"இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? இருக்கறது நானும் ஒரு டயர் கடையும்தான்."

"கொஞ்சம் நட."

"என்னது?"

"வா, நடந்துட்டே பேசலாம்."

அவனை முன்னால் விட்டு அவள் இரண்டடி பின்தங்கினாள். வலது கை நன்றாக வீசியது. இடது கை வீசவில்லை. நோய் தொடங்கும்போது நடையில் ஒரு கைதான் முதலில் வீசாமல் நிற்கும். பிறகுதான் அந்தக் கையில் சாவிக்கொத்து இருப்பது கண்ணில் பட்டது. சாவி வைத்திருப்பவன் கையை வீசமாட்டான்தான். ஆனாலும் ஒரேயடியாகவா வீசமாட்டான்?

"சாவிய இந்தக் கைக்கு மாத்து."

"எதுக்கு?"

"மாத்துடா."

மாற்றினான். இப்போது இடது கை வீசியது, வலது கை நின்றது. அவள் பையிலிருந்து சோப்பை எடுத்துப் பிரித்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

"சோப்பு."

"அது கண்ணுக்கே தெரியுது. என்ன வாசனை?"

"சோப்பு வாசனை."

"பூ வாசனையா, பழ வாசனையா?"

"அக்கா, ஜலதோஷம் புடிச்சு மூக்கு அடைச்சுக் கெடக்கு. நீ சாம்பிராணியே போட்டாலும் எனக்கு ஒண்ணும் வராது. குளிக்காம வந்திருக்கேன்னு சொல்லவர்றியா? நேரா சொல்லிடு, குளிச்சிட்டு வர்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். கண் சிமிட்டுவது குறைந்திருக்கிறதா? சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதா, கண்வரைக்கும் போகிறதா? உற்றுப் பார்க்கப் பார்க்க எல்லாம் குறைந்ததுபோலவே தெரிந்தது.

"கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக் காட்டு. நல்லா விரிச்சு, வேகமா."

அவன் விளையாட்டாகக் கையை உயர்த்தினான். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

டயர் கடையில் யாரோ இரும்பை இரும்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது அப்பாவுக்கு டாக்டர் பண்ணச் சொன்னது" என்றான்.

அவள் சோப்பைப் பைக்குள் போட்டாள்.

"நடக்கச் சொன்ன. மோந்து பாக்கச் சொன்ன. என்ன பாத்த நீ? என் குழாய்ல என்ன பாத்த?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கா பஸ் புடிச்சு வந்த?"

"உன்னோடது எதுன்னு எனக்குத் தெரியவே கூடாது. தெரியாது."

"பொய் சொல்லும்போது நீ வலது காதைப் புடிப்ப. இப்பவும் புடிச்சிட்டிருக்க."

அவள் கையைக் கீழே இறக்கினாள். அவன் தன் கையை நீட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. "எனக்கு அடுத்த ஆள் வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டிருந்தான். இரண்டு கையும் வீசவில்லை.

அன்று முழுவதும் அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு எதற்காக என்று மறந்தாள். அலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தெரியவேண்டியது தெரியவில்லை, சொல்லக் கூடாதது சொல்லாமலே வெளியாகிவிட்டது. நோய் இருக்கிறதோ இல்லையோ, பயத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். அதை எந்த மருந்தால் எடுப்பது?

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். குழாயை அடையாளம் கண்டதை, கண்ட பிறகும் ஓட்டியதை, சோப்பை, விரலை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு ஆய்வகத்தில் 'பொறுமை' என்று பட்டப்பெயர். அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான் என்பதால் வந்த பெயர்.

"சோப்பு வாங்கினியா?"

"வாங்கினேன்."

"படிச்சவதானே நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது யாரோடதுன்னு நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. ஒரு பாதிக் குழாய், அவ்வளவுதான். அதப் பத்திப் பேசு. முதல்ல இறங்குற நீர் எங்கேயிருந்து வருது?"

"இடுப்புப் பக்கத்திலேருந்து."

"மூளைக்குப் பக்கத்துல இருக்கிறது?"

"கடைசியில..." என்று தொடங்கியவள் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. முதலில் சொட்டுவது கீழ்ப்பகுதி நீர். மூளையிலிருந்து தூரம் என்பதால் மிச்சங்கள் அதில் குறைவாகத்தான் இருக்கும். குழாய் நிறைய நிறையத்தான் மேலேயிருக்கும் நீர் வந்து சேரும். பாதியில் நிறுத்திய குழாயில் எல்லா மேடுகளும் குட்டையாகத்தான் எழும்பும். குட்டையாக எழும்பாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

"பாதிக்கு உண்டானதக் கழிச்சுப் பாத்தா, கால்..." டாக்டரம்மா பல்லைக் கடித்தார். "பாரு, என்னையும் கெடுத்து வச்சிருக்கீங்க. டோபமின் மிச்சம் சரியா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள்.

"ஆனா இன்னொண்ணு?"

"அது கழிச்சுப் பாத்தும் குறைவுதான்" என்றாள் அவள் மெதுவாக.

"ரொம்பக் குறைவு. இந்த மாதிரி கோடு நமக்குப் புதுசா? யாருகிட்ட பாத்திருக்கோம்?"

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களிடம். அந்த மாத்திரைகள் செரடோனினைப் பிடித்து நிறுத்திவைக்கும், அதனால் அது சிதைந்து கழிவது குறையும். மேடு குட்டையாக இருப்பதால் உள்ளே பஞ்சம் என்று அர்த்தமில்லை. எதையோ ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும் அர்த்தம் இருக்கலாம்.

"அவன் மாத்திரை சாப்பிடமாட்டான் டாக்டர். தலைவலிக்குக்கூட..."

"கேட்டியா?"

நல்லவங்களாக வருகிற ஒவ்வொருவரையும் கேள்வி கேட்பதும் அவள் வேலைதான். அதற்கு அவளே வகுத்த சட்டம் ஒன்று இருந்தது: கேள்வியைக் கேட்டபின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளி எவ்வளவு நேரம் எடுத்தாலும் பதிலை நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அந்த அமைதியில்தான் சிலர் முதல் தடவையாகத் தங்களைப் பற்றி யோசிப்பார்கள். தம்பி வந்து உட்கார்ந்தபோது, 'ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா' என்ற கேள்வியைப் பாதிகூட முடிக்காமல், "இவனா? இவன் தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டான்!" என்று அவளே சொன்னாள். நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மாகூடச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

"தப்பு எனக்கும் இருக்கு. சொந்தக்காரங்களச் சொந்தக்காரங்களே கேக்க விட்டிருக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா, கண்ணாடியைத் தேடிக்கொண்டு. அது அவர் கைக்குக் கீழேயே இருந்தது. "போ. டாக்டரா போகாத, அக்காவா போ. சோப்பெல்லாம் வேண்டாம்."

தம்பி காருக்குள், கற்றுக்கொடுப்பவனின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். மைதானத்தில் வேறு யாருமில்லை. அவளைப் பார்த்ததும் இறங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையைக் கண்ணால் காட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன் அக்காவுக்கு ஒரு பாடம் எடுப்பதற்குள் இருவரும் சண்டை போட்டுப் பிரிவது வழக்கம்.

"உனக்கு அப்பாவோட நோய் இருக்கிற மாதிரி எதுவும் தெரியலடா. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். குழாய் பாதியா இருந்ததை மறந்துட்டேன்."

அவன் மூச்சை விட்டான். எத்தனை நேரமாக அதைப் பிடித்துவைத்திருந்தானோ.

"எல்லாம் அந்த ஜோக்கால வந்தது" என்றான்.

"ஆமா. மட்டமான ஜோக்கு."

"நர்ஸ் சிரிச்சாங்களே."

அவள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன்ன ஒண்ணு கேக்கணும். அன்னைக்கே கேட்டிருக்கணும். ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?"

கேட்டுவிட்டு வாயை மூடினாள்.

அவன் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். ஒரு நாய் மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், ஏதோ நினைத்துக்கொண்டு பாதியில் திரும்பி வந்தது. அவளுக்கு நாக்கு நுனியில் சொற்கள் துடித்தன. பரவாயில்லைடா, சொல்லு, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கினாள். மௌனம் காருக்குள் சூடாகிக்கொண்டே போனது.

"போன வருஷத்திலேருந்து" என்றான். "அவளுக்குத் தெரியும்." அவள் என்றது அவன் மனைவியை. "உனக்குத்தான் சொல்லல."

அவள் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"காலையில கண்ண முழிச்சா, எதுக்கு முழிச்சோம்னு இருக்கும். கார்ல ஏறுனா சரியாயிடும். பக்கத்துல ஒருத்தர் உயிர் பயத்துல இருக்காங்கன்னா நாம சிரிச்சிட்டே இருக்கணும்ல, அது பழகிப்போச்சு. இறங்குனா மறுபடி அதே. மாத்திரை போட்டப்புறம் கொஞ்சம் பரவால்ல. ரொம்ப இல்ல. கொஞ்சம்."

"அன்னைக்கு ஏன்டா சொல்லல?"

"நீதான் முந்திக்கிட்டியே. தலைவலிக்குக்கூட போடமாட்டான்னு எவ்வளவு பெருமையா சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நீ சொன்ன அந்த ஆளு நல்லா இருந்தான்க்கா. கொஞ்ச நேரம் அந்த ஆளாவே இருந்துட்டுப் போயிடலாம்னு தோணுச்சு."

அப்பாவின் "ம்" எத்தனை வருடம் வீட்டுக்குள் கிடந்தது, ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. அதைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி, இயந்திரம் வைத்து அளந்து சம்பளம் வாங்குகிறாள். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவனை அளக்கத் தோன்றவில்லை. சிரிக்கிறவன் என்று முடிவுகட்டி வைத்திருந்தாள்.

"அப்பாவுக்கும் முதல்ல இதுதானே வந்துச்சு?" என்று கேட்டான் அவன்.

"ஆமா."

"அப்ப எனக்கு?"

"மனச்சோர்வு வர்றவங்கள்ல நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல அந்த நோய் வர்றதில்லடா. வராதவங்கதான் அதிகம்."

"அது ஊருக்குச் சொல்ற பதில். எனக்கு?"

காதைப் பிடிக்க உயர்ந்த கையை அவள் ஸ்டீயரிங்கிலேயே நிறுத்தினாள். "தெரியாது."

"உன் மெஷினுக்கு?"

"அதுக்கும் தெரியாது. அது தெரியறதுக்குத்தான் நாங்க எல்லாரும் கெடந்து அல்லாடுறோம்."

அவன் தலையை ஆட்டினான். ஆச்சரியமாக, அந்தப் பதில் அவனைத் தளரவைத்ததாகத் தெரியவில்லை. நேற்றைய "ஒண்ணுமில்ல"வைவிட இது அவனுக்குத் தேவலையாக இருந்திருக்க வேண்டும்.

"இனிமே நல்லவங்க கூட்டத்துல நான் இல்லையா?"

"தூக்கியாச்சு."

"நல்லவன்னு ஒரு எடத்துலதான் ஒத்துக்கிட்டாங்க, அதுவும் போச்சா? மத்தவங்க பக்கம் இடம் இருக்கா? மறுபடி குத்தட்டும். இந்தத் தடவ ஜோக்கு சொல்லமாட்டேன், குழாய் ரொம்பற வரைக்கும்."

"இருக்கு. ஆனா உன்ன வேற ஆள்தான் கேள்வி கேப்பாங்க. நான் வரமாட்டேன்."

"ஏன்?"

"நான் இருந்தா நானே பதில் சொல்லிடுவேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகிறதா என்று பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"சரி, ஏறி உக்காந்தாச்சு, சும்மா இறங்க முடியாது. கிளட்ச்ச மிதி. கியர் போடு. மெதுவா விடு. மெதுவா!"

கார் துள்ளி, அழுது, நகர்ந்தது. அவன் கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் தயாராக இருந்தது, ஆனால் மிதிக்கவில்லை. கைகளைத் தொடைமேல் விரித்து வைத்திருந்தான். அவை அசையாமல் கிடந்தன. இல்லை, கார் குலுங்கும்போது கொஞ்சம் ஆடின. அது காரின் ஆட்டம்தானா? வலது கையைவிட இடது கை அதிகம் ஆடுகிறதோ?

"அக்கா" என்றான் அவன். "என் கையப் பாக்காத. ரோட்டப் பாரு."